மலை வீட்டுக்கு ஒரு கரியடுப்பு

திருவண்ணாமலை என்றவுடன் கார்த்திகைத் தீபம் ஏற்றப்படும் பெரிய மலையையே எல்லாரும் எண்ணுவர். நான் பிறந்து வளர்ந்த ஊர் அதுவன்று. திருவில்லிபுத்தூருக்கு அருகே, குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோவில் விளங்க, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மக்கள் வெள்ளமெனத் திரளும் சிற்றூர் ஒன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. அப்பகுதி மக்களாகிய எங்களுக்கு நெருப்பினால் உண்டாகும் பயன் இரண்டே இரண்டுதான்: ஒன்று சமைப்பது, மற்றொன்று விளக்கேற்றுவது. வீட்டைச் சூடாக்குவதற்கென்று பணம் கொடுத்து அடுப்பு வாங்குவோர் உண்டு என்று யாரேனும் எங்களிடம் கூறியிருந்தால், சித்திரை வெயிலில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்திருப்போம்.

ஆயினும் குளிர்காயும் நெருப்பு தமிழருக்குப் புதியது அன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில், வாடைக்காற்று வீசும் காலத்தில் மக்கள் அகன்ற வாயையுடைய ‘தடவு’ என்னும் கணப்புச் சட்டியில் நெருப்பிட்டுக் குளிர்காய்ந்த செய்தியை நக்கீரர் பாடியிருக்கின்றார். அரசரைச் சார்ந்து வாழ்வோருக்குத் தீக்காய்வாரை உவமை காட்டினார் வள்ளுவர். மிக நெருங்கினால் சுடும், மிக விலகினால் குளிரும் என்பது அவ்வுவமையின் கருத்து. தீக்காய்வாருக்கு மூன்றாவது ஆபத்து ஒன்றும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. அதைப் பற்றிச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நிலக்கரியை நான் முதலில் அறிந்தது இரயில் பாதையின் ஓரத்தில். 1970-களின் இறுதியில் விருதுநகர், தென்காசி வழித்தடத்தில் நீராவி இஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இராசபாளையம் நிலையத்தருகே அவை கொட்டிச் சென்ற சாம்பற் குவியலில் எரிந்தும் எரியாமலும் கிடந்த கரித்துண்டுகளைப் பெண்கள் கூடையில் பொறுக்கிச் செல்வர். சலவைக்காரர் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும், கொல்லர் உலைக்களத்திலும் கரி கனன்றுகொண்டிருக்கும். சில வீடுகளில் ‘லெக்கோ’ என்னும் கரிக்கட்டி எரியும். 1934-ஆம் ஆண்டு நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் அங்கே அரசு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அந்த நிலக்கரியைக் கட்டியாக அழுத்தி, புகையை நீக்கிச் சுட்டெடுத்ததே லெக்கோ. சமையல் எரிவாயு வீடுதோறும் வந்தபின் அதன் தேவை குறைந்தது. அதைச் செய்த ஆலையும் பின்னர் மூடப்பட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அச்சொல்லே தெரியாது.

இவ்வாறு நெருப்பைச் சமையலறையில் மட்டுமே கண்டு பழகிய என்னை, 2023-ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானல் மலைப்பகுதியில் உள்ள பங்கு ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்குள்ள பங்கு இல்லம் நூறு ஆண்டுகளைக் கடந்த கல் வீடு. சுவர் ஒன்றரை முழ அகலம். கூரையோ தகரம். சன்னல்கள் உயரமானவை; அவற்றின் மரச்சட்டங்கள் காலப்போக்கில் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தன. கூடத்தின் நடுச்சுவரில் கருங்கல்லால் கட்டிய கணப்பு ஒன்று இருந்தது. அதன் வாய் பலகையால் அடைக்கப்பட்டு, முன்னே பழைய செய்தித்தாள்கள் அடுக்கப்பட்டிருந்தன.

கொடைக்கானலின் பழைய வீடுகள் பலவற்றில் இத்தகைய கணப்புகளைக் காணலாம். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தம்மவரைப் பலிகொடுத்த பின்னர், 1845-இல் இம்மலையில் முதல் வீடுகளை எழுப்பினர். பின்னர் நம் குருக்களும் வந்தனர். சலேத் மாதா கோவில் 1866-லும், செண்பகனூர் இயேசு சபைக் கல்லூரி 1895-லும் எழுந்தன. கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். டிசம்பர், சனவரி மாதங்களில் இரவு வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்கிவிடும். தாழ்வான புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். பனிநாட்டிலிருந்து வந்தோர் தம் நாட்டு வழக்கப்படி கணப்பு கட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

அந்த இல்லத்தில் என்னுடன் ஓய்வுபெற்ற முதிய குரு ஒருவர் தங்கியிருக்கின்றார். வயது 84. மக்கள் அவரைப் பெரிய சாமி என்பர். இளமையில் இம்மலைச் சிற்றூர்களுக்கு நடந்தே சென்று பணிசெய்தவர். அவர் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகள் இன்று பேரன் பேத்தி கண்டவர்கள். சில ஆண்டுகளாக அவருக்கு இளைப்பு நோய். அக்டோபரில் மழை தொடங்கியதும் இருமல் மிகுந்தது. விரல்கள் மரத்துப்போய், பேனாவைப் பிடிக்க இயலாமல் போயிற்று. நாள்தோறும் இரண்டு கடிதமாவது எழுதாமல் உறங்கச் செல்லாத மனிதர் அவர்.

மருத்துவர் வந்து பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்: “இவருக்குக் குளிரும் ஆகாது, புகையும் ஆகாது. முடிந்தால் சமவெளிக்கு அனுப்பிவிடுங்கள், பாதர்.”

இதை நான் தயங்கித் தயங்கிப் பெரிய சாமியிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, நீங்கள் போகச் சொன்னால் போய்விடுவேன். கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்தவன்தான். ஆனால், கீழே என்னைத் தேடி யார் வருவார்கள்? இங்கே சனிக்கிழமைதோறும் பதினைந்து பேராவது பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு என்னையும், எனக்கு அவர்களையும் தெரியும்” என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேளாமலிருந்ததே என்னைச் சிந்திக்க வைத்தது.

பங்குப் பேரவையில் இதைப் பற்றிப் பேசினோம். மின்சார வெப்பக் கருவி வாங்கலாம் என்றார் ஒருவர். நல்ல யோசனையே. ஆனால், 2,000 வாட் கருவி ஒன்று மணிக்கு இரண்டு யூனிட் மின்சாரத்தை உண்ணும். பத்து மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு இருபது யூனிட். செலவு ஒருபுறமிருக்க, அந்த வீட்டின் பழைய மின்கம்பிகள் அச்சுமையைத் தாங்கமாட்டா. மேலும், காற்றும் மழையும் மிகுந்த இரவுகளில்தான் மலையில் மின்சாரம் நின்றுபோகும். வெப்பம் மிகவும் தேவைப்படுவதும் அதே இரவுகளில்தான். அடைத்துக் கிடக்கும் கணப்பைத் திறந்து விறகிட்டு எரிக்கலாம் என்றார் மற்றொருவர். திறந்த கணப்பு கண்ணுக்கு இனியது; ஆனால் பயன் சிறிது. அதில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதனிடத்தில் சன்னல் இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று நுழையும். முன்பக்கம் சுட, முதுகு நடுங்கும். இக்குறையைக் கண்டே அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களில் இரும்பு அடுப்பு ஒன்றை வகுத்து, 1744-இல் அதைப்பற்றிச் சிறு நூலும் வெளியிட்டார். இரும்புப் பெட்டிக்குள் நெருப்பை அடைத்து, வேண்டிய அளவு காற்றை மட்டும் உள்ளே விட்டால், வெப்பம் இரும்பின் வழியே அறைக்குள் பரவும். புகை மட்டும் குழாய் வழியே வெளியேறும்.

இந்நிலையில், நகரில் இடிக்கப்பட்ட பழைய பங்களா ஒன்றிலிருந்து கரியடுப்பு ஒன்று காயலான் கடைக்கு வந்திருப்பதாகக் கோவில்பிள்ளை செய்தி கொண்டுவந்தார். வார்ப்பிரும்பு அடுப்பு, நான்கு பேர் சேர்ந்தால்தான் தூக்கலாம். விலை 9,000 ரூபாய் என்றார் கடைக்காரர்.

எங்கள் பங்கில் நீராவி இஞ்சினில் பயர்மேனாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கின்றார். கரியைப் பற்றி அவரைவிட அறிந்தவர் இம்மலையில் இல்லை. அவரையே அழைத்துச் சென்றேன். அவர் அடுப்பைப் பார்த்த விதத்தை இங்கே விரிவாகச் சொல்கிறேன்; பழைய பொருள் எதை வாங்குவோருக்கும் அது பயன்படும்.

முதலில் அவர் சிறு சுத்தியல் ஒன்றால் அடுப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் மெல்லத் தட்டினார். “கோவில் மணியைப் போலத்தான் சாமி. விரிசல் இல்லாவிட்டால் கணீரென்று ஒலிக்கும்; இருந்தால் ஓட்டைப் பானையைப் போல் மங்கிப்போகும்” என்றார். பக்கங்கள் மூன்றும் கணீரென்றன. பின்புறம் மட்டும் ஓரிடத்தில் ஒலி மழுங்கியது. அங்கே துருவைச் சுரண்டிப் பார்த்தார். விரிசல் இல்லை, உள்ளே கட்டியிருந்த தீச்செங்கல் பெயர்ந்து கிடந்தது. பிறகு அடுப்புக்குள் எரியும் கைவிளக்கு ஒன்றை வைத்துக் கதவை மூடி, கடையின் விளக்கை அணைக்கச் சொன்னார். எங்கெங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் புகையும் கசியும் அல்லவா? இரண்டு மூட்டுகளில் கசிவு தெரிந்தது. சுண்ணாம்புக் கட்டியால் அவ்விடங்களைக் குறித்துவைத்தார். அடுத்து, தாள் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தார். தாள் எளிதாக வந்துவிட்டது. கதவைச் சுற்றிய கயிற்றடைப்பு இற்றுப்போயிருந்தது. பழைய அடுப்புகளில் அக்கயிறு கல்நாரால் ஆனதாக இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைப்பது. ஆகவே உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நன்றாக நீரில் நனைத்தபின், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு எடுத்து, உறையிலிட்டுக் கட்டிவிட்டோம். கண்ணாடியிழைக் கயிறு அதனிடத்தில் பின்னர் வைக்கப்பட்டது.

கடைசியாக அவர் குனிந்து அடிப்பகுதியை நோக்கினார். “கரியடுப்புக்கு உயிர்நாடி இந்தக் கிரேட்டுதான் சாமி” என்றார். விறகு, சாம்பல் மெத்தையின் மேல் கிடந்தே எரியும். அதற்கு மேலிருந்து வரும் காற்றுப் போதும். கரிக்கோ காற்று அடியிலிருந்து ஏறிவர வேண்டும். அதனால் கரியடுப்பில் இரும்புக் கம்பிச்சட்டமும், அதை ஆட்டுவதற்குப் பிடியும், கீழே சாம்பல் தட்டும் இருந்தே தீரவேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. நூற்றுக்கு முப்பது நாற்பது பங்குகூட இருக்கும். சட்டத்தை அடிக்கடி ஆட்டாவிட்டால் நெருப்பு மூச்சுத்திணறி அணைந்துவிடும். அந்த அடுப்பின் கம்பிகள் சற்றே வளைந்திருந்தனவே தவிர உடையவில்லை. எல்லாம் பார்த்தபின் 7,000 ரூபாய்க்கு விலை முடிந்தது.

ஆயினும் அடுப்பின் விலை செலவின் தொடக்கமே. புகைபோக்கிக்குள் பறவைக் கூடுகள் இரண்டு கூடை அளவு இருந்தன. பழைய சுண்ணாம்புப் பூச்சு பல இடங்களில் உதிர்ந்திருந்தது. பயர்மேன் ஐயா ஈர வைக்கோலைக் கணப்பில் கொளுத்திவிட்டு, எங்களைப் பரணில் ஏறிப் பார்க்கச் சொன்னார். கற்களின் இடுக்கு வழியே புகை இழையிழையாகப் பரணுக்குள் வந்தது. அப்படியே அடுப்பை மூட்டியிருந்தால், அப்புகையுடன் நச்சு வாயுவும் பெரிய சாமியின் அறைக்கு மேலே நிறைந்திருக்கும். கொத்தனாரை வைத்துப் புகைபோக்கியைச் செப்பனிட்டு, உள்ளே தடித்த இரும்புக் குழாய் இறக்கி, கூரைக்கு மேல் மூன்றடிக்குக் குறையாமல் உயர்த்தி, மரச்சட்டங்களுக்கும் குழாய்க்கும் இடையே ஒன்றரை அடி இடம் விட்டுப் பொருத்தினோம். அதற்கு ஆன செலவு 23,000 ரூபாய். அடுப்பின் விலையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள்.

அவ்வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், சனவரி மாதத்து இரவு ஒன்றில், இரண்டு மணிக்குக் கோவில்பிள்ளை என் கதவைத் தட்டினார். கோவிலுக்குக் கீழேயுள்ள வரிசை வீடுகளில் ஒன்றில், பிள்ளை பெற்று இருபது நாளே ஆன இளம்பெண்ணும் அவள் குழந்தையும் மயங்கிக் கிடப்பதாகச் சொன்னார். ஓடினோம். நிகழ்ந்தது இதுதான்: குழந்தைக்குக் குளிராமலிருக்கக் கரிச்சட்டி ஒன்றில் தணல் நிறைத்து அறைக்குள் வைத்திருக்கிறார்கள். பனிக்காற்று நுழையாதிருக்கச் சன்னலை மூடி, கதவின் கீழ் இடுக்கிலும் சாக்கைச் செருகியிருக்கிறார்கள். தணலில் துளிப் புகையும் இல்லை. செக்கச் செவேலென்று அழகாகக் கனன்றது. நள்ளிரவில் பாட்டிக்குத் தலையைப் பிளக்கும் வலி. எழுந்து நிற்க முயன்றார், கால்கள் தாங்கவில்லை. தவழ்ந்து சென்று சாக்கை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்து, வாசலிலேயே விழுந்துவிட்டார். அவர் விழுந்த ஓசை கேட்டு அண்டை வீட்டார் வந்தனர். மூவரையும் வெளிக்காற்றில் கிடத்தி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். பிராணவாயு செலுத்தினார்கள். விடியும்போது குழந்தை அழுதது. அன்றைய தினம் அவ்வழுகையைவிட இனிய ஓசையை நான் கேட்கவில்லை.

அன்பர்களே, கரி போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செம்பொருள் மூச்சுக்காற்றிலிருந்து பிராணவாயுவை ஏற்று உடலெங்கும் சுமந்து செல்கிறது. ஆனால், அப்பொருள் பிராணவாயுவைவிட இந்த நச்சு வாயுவை 200 மடங்குக்கும் மேலாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. சிறிதளவு வாயு அறையில் பரவினாலும், இரத்தம் அதையே சுமந்து திரியும். மூளையும் இதயமும் பிராணவாயு இன்றி வாடும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தலைச்சுற்றல், கைகால் தளர்ச்சி, மயக்கம். உறங்குகிறவருக்கு இவை ஒன்றும் தெரிவதில்லை, உறக்கத்திலேயே முடிந்துவிடும். புகை இல்லாத தணல் ஆபத்தற்றது என்று நம் மக்கள் நம்புகிறார்கள். உண்மை அதற்கு மாறானது. புகையாவது கண்ணை எரித்து எழுப்பிவிடும். இந்த வாயு எழுப்புவதில்லை.

அதே 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொடைக்கானலில், சுற்றுலா வந்து தங்கிய இருவர் இறைச்சி வாட்டிய கரியடுப்பை அறைக்குள் விட்டுவிட்டு உறங்கி, உயிரிழந்த செய்தியைப் பலரும் நாளிதழில் படித்திருப்பீர்கள். வடநாட்டுக் குளிர்காலத்திலும் இத்தகைய செய்தி வராத ஆண்டில்லை. காசுமீரத்தில் ‘காங்கிரி’ என்னும் தணற்சட்டியை மேலங்கிக்குள் வைத்துக்கொள்வர். ‘புகாரி’ என்னும் குழாய் வைத்த இரும்படுப்பை அறை நடுவே மூட்டுவர். அங்கே படையில் பணியாற்றித் திரும்பிய எங்கள் பங்கு இளைஞர் ஒருவர், உறங்கப் போகுமுன் புகாரியை அணைத்துவிட்டதை ஒருவர் சரிபார்த்த பின்னரே தம் கூடாரத்தில் விளக்கை அணைப்பார்கள் என்று கூறினார்.

அந்த இரவுக்குப் பிறகு மூன்று ஞாயிறுகள் திருப்பலி முடிவில் இதையே அறிவித்தேன். அன்பியக் கூட்டங்களிலும் பேசினோம். பயர்மேன் ஐயா வீடுவீடாகச் சென்றார். எங்கள் கரியடுப்பையும், கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்று வந்து சேரும்வரை மூட்டவில்லை. மின்கலத்தில் இயங்கும் அக்கருவி இப்போது எளிதில் கிடைக்கிறது. பெரிய சாமியின் படுக்கையறை வாசலில் அதை மாட்டினோம்.

பிறகு கரிக்காக அலைந்தோம். மூட்டை கணக்கில் வீட்டுக்குக் கரி விற்போர் இக்காலத்தில் அரியர். இரும்பு வார்ப்படப் பட்டறைகளுக்குக் கரி விற்கும் வணிகர் ஒருவரிடம், நிலக்கரியும் கற்கரியும் சரிபாதியாக வாங்கினோம். கற்கரி என்பது நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு, புகைதரும் பொருள்களைப் போக்கியது, ‘கோக்’ என்பர். அது எளிதில் பற்றாது. பற்றினால் புகையின்றி நின்று எரியும். பெரிய சாமிக்குப் புகை ஆகாதென்பதால் அதையே மிகுதியாகப் பயன்படுத்தத் தீர்மானித்தோம்.

மூட்டும் முறையையும் பயர்மேன் ஐயாவே கற்பித்தார். முதலில் சுள்ளிகளை எரித்துச் செந்தணலாக்க வேண்டும். அதன்மேல் எலுமிச்சையளவு கரித்துண்டுகளை மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். அவை பற்றியபின் மேலும் அடுக்கி, நான்கைந்து அங்குல கனம் ஆக்கவேண்டும். கரி கூட்டமாக இருந்தால்தான் எரியும், தனித்துண்டு அணைந்துபோகும். புதுக்கரி இடும்போது நெருப்பு முழுவதையும் மூடிவிடலாகாது. ஒரு மூலையில் செந்தணல் வெளியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் புதுக்கரியின் வாயு உள்ளே தேங்கி, திடீரென்று தீப்பற்றிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெடிக்கும். கரியின்மேல் நீலச்சுடர்கள் நடனமாடுவதை அவர் சுட்டிக்காட்டினார். “இதுதான் சாமி அந்த நஞ்சு. உள்ளேயே எரிந்துவிட்டால் நமக்குச் சூடு, எரியாமல் வெளியே வந்தால் நமக்குச் சாவு” என்றார். குழாயிலுள்ள அடைப்புத் தகட்டை எந்நேரமும் முழுவதும் மூடலாகாது என்றும், அது முழுவதும் மூடாதபடி ஓரத்தில் துளை வெட்டியும் வைத்தார்.

இத்தனைக்கும் பிறகு, வீடு சூடானதற்கு அடுப்பு மட்டுமே காரணமன்று என்பதையும் சொல்லவேண்டும். சன்னல் இடுக்குகளைப் பட்டி வைத்து அடைத்தோம். தகரக் கூரையின் கீழ் பலகைத் தளம் ஒன்று அமைத்தோம். தடித்த திரைகளைத் தொங்கவிட்டோம். அடுப்புள்ள கூடத்தில் மட்டும், எரிவதற்கு வேண்டிய காற்று வரும்படி சுவரின் கீழே சிறு துவாரம் விட்டோம். இவற்றால் கரிச்செலவு பாதியாகக் குறைந்தது. இரவு எட்டரை மணிக்குப் புதுக்கரி இடுவதை நிறுத்திவிடுவோம். பெரிய சாமியின் படுக்கைக்கு உறையிட்ட வெந்நீர்ப் பை. கற்கரி எரிந்த சாம்பலைத் தோட்டத்தில் போடாமல், மூடியுள்ள இரும்பு வாளியில் ஆறவைத்து அப்புறப்படுத்துகிறோம். காய்கறிப் பாத்திக்கு அது ஆகாது.

இரண்டு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. பெரிய சாமி இம்மலையிலேயே இருக்கிறார். காலையில் கூடத்தில் அமர்ந்து கடிதம் எழுதுகிறார். சனிக்கிழமைகளில் மக்கள் அங்கேயே வந்து பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். இளைப்பு நீங்கிவிடவில்லை, ஆனால், மருத்துவமனையில் சேர்க்குமளவுக்கு முற்றவுமில்லை. மருத்துவர் அடுப்பையும் குழாயையும் உணரும் கருவியையும் தாமே வந்து பார்த்துவிட்டு, “சரி, இருக்கட்டும்” என்றார்.

எனினும் கரியடுப்பை வீட்டுக்கு வீடு வாங்குங்கள் என்று நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நம் அறையிலிருந்து வெளியேற்றிய புகை மறைந்துவிடுவதில்லை. ஊரார் மூச்சில் கலக்கிறது. 1952-ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் மாநகரைக் கரிப்புகையும் மூடுபனியும் ஐந்து நாள்கள் சூழ்ந்து, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகை மிகுந்த வீட்டு நிலக்கரியின் விற்பனையே இங்கிலாந்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து நம்மை ஆசீர்வதித்த திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் முன்னர்ப் பேராயராய் இருந்த கிராக்கோவ் நகரிலும், வீட்டு அடுப்புகளில் கரியும் விறகும் எரிப்பது 2019 செப்டம்பர் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சமையலுக்கும் குளிர்காய்வதற்கும் எரிக்கும் பொருள்களின் புகையால் மக்கள் நோயுறுவதைத் திருத்தந்தை பிரான்சிசும் 2015-இல் எழுதிய சுற்றுமடலில் குறிப்பிட்டிருக்கிறார். நாங்களும் இல்லத்தின் மின்கம்பிகளை மாற்றும் பணிக்குச் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து வருகிறோம். அது முடிந்ததும் கரியடுப்புக்கு ஓய்வு கிடைக்கும். பயர்மேன் ஐயாவுக்கு மட்டும் சற்று வருத்தமாயிருக்கும்.

குளிர் மலையில் மட்டும் வருவதன்று. மார்கழியில் சமவெளியிலும் பிள்ளை பெற்ற தாய்க்கும் முதியோருக்கும் கரிச்சட்டி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதைப் படிக்கும் தாய்மாரையும் பாட்டிமாரையும் வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன்: தணல் உள்ள சட்டியை மூடிய அறையில் வைக்காதீர்கள். உறங்குமுன் அதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். சாம்பல் மூடியிருந்தாலும் அது அணைந்துவிட்டதாக நம்பாதீர்கள். கணப்பு எரியும் அறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி கண்டால், காரணம் தேடிக்கொண்டிராமல் கதவைத் திறந்து வெளியே வாருங்கள். பிறகு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துப் போர்த்துவதே அதற்குப் போதிய கதகதப்பு. மற்றொரு கம்பளி வேண்டுமாயின், கேளுங்கள். கொடுப்பதற்குப் பங்கில் ஆள் உண்டு.